பீர் ஆலையிலிருந்து வந்த ஜூல்

குளிர் நாட்டு வீடுகள்ல பாய்லரைச் சூடாக்க பெல்லட் பர்னர் வச்சிருப்பாங்க. மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்தான் எரிபொருள். பத்தவைக்கத் தீக்குச்சி வேண்டாம். மின்சாரத்தில் சூடாகும் ஒரு இக்னைட்டர் போதும். அந்தச் சூட்டுக்குக் கணக்கு சொன்னவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

1818-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். உங்களை மாதிரி பட்டப்படிப்பெல்லாம் படிக்கலை. சின்ன வயதில் ஜான் டால்டனிடம் பாடம் கேட்டார். ஆலை வேலைக்கு நடுவே, மின்கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி, வெப்பமானியையே பார்த்துக்கிட்டிருந்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு! 1841-ல் இது அச்சில் வந்தது.

ஆனா பெரிய விஞ்ஞானிகள் அவரை லேசில் கண்டுக்கலை. வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும்னு 1847-ல் ஆக்ஸ்போர்டில் அவர் பேசியபோது, காது கொடுத்துக் கேட்டவர் இளைஞரான வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். 1889-ல் ஜூல் மறைந்தார். இன்னைக்கு ஆற்றலின் அலகே அவர் பேர்தான்.

ஒண்ணு மறக்காதீங்க. பர்னர் வயரிங்கில் ஒரு டெர்மினல் ஸ்க்ரூ லூசா இருந்தா, அங்கே மின்தடை கூடும். அதே ஜூல் விதிதான். பெல்லட்டுக்குப் பதிலா வயர் எரியும். பவர் ஆஃப் பண்ணிட்டு, ஸ்க்ரூவை நல்லா முறுக்குங்க!