குமாஸ்தா வேலை வேண்டாம் என்றவர்

அந்த இளைஞர் எம்.ஏ. பரீட்சையில் சர்வகலாசாலைக்கே முதலாவதாகத் தேறியவர். படித்தது ஆங்கில இலக்கியம். கல்லூரியில் ஆசிரியர் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. குமாஸ்தா வேலை தருகிறோம் என்றார்கள்.

வாங்கிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் வறுமை. அந்தக் காலத்தில் சர்க்கார் குமாஸ்தா என்றால் ஊரில் தனி மரியாதை. ஆனால், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை.

அவர்தான் கே.ஆர். நாராயணன். பின்னாளில் இந்தியாவின் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

ஜனாதிபதி ஆன கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 24-வது வயதில், கையில் எம்.ஏ. பட்டம் இருந்தும் மறுபடி மாணவராகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

ஓலைக் குடிசை

கேரளத்தில் கோட்டயம் ஜில்லாவில் உழவூர் என்று ஒரு கிராமம். அங்கே ஓர் ஓலைக் குடிசையில் நாராயணன் பிறந்தார். தகப்பனார் ராமன் வைத்தியர், நாட்டு வைத்தியம் பார்த்தவர். தாயார் பாப்பியம்மா. ஏழு பிள்ளைகளில் நாராயணன் நாலாவது பிள்ளை. தீண்டத்தகாதவர்கள் என்று ஊரார் ஒதுக்கி வைத்த வகுப்பில் பிறந்த குடும்பம் அது.

பிறந்த தேதியில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாமா அழைத்துப் போனார். பையன் பிறந்த நாள் அவருக்குத் தெரியாது. மனதில் தோன்றிய தேதியைச் சொல்லி வைத்தார். அப்படித்தான் 1920-ம் ஆண்டு அக்டோபர் 27 என்று பதிவாயிற்று. உண்மையில் அவர் பிறந்தது 1921-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி என்பது குடும்பத்தார் கணக்கு.

அதே கோட்டயம் ஜில்லாவில்தான் வைக்கம் இருக்கிறது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. அதை எதிர்த்து 1924-ம் ஆண்டு சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறை சென்றார். நாராயணன் அப்போது மூன்று வயதுக் குழந்தை.

பள்ளிக்கூடம் போய் வரத் தினமும் சுமார் 15 கிலோ மீட்டர் நடை. வயல் வரப்பில்தான் நடக்க வேண்டும். சம்பளம் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்கப் பணம் இல்லை. வீட்டில் அண்ணன் ஒருவர் ஆஸ்துமா நோயால் அவதிப்பட்டு வந்தார். மற்றப் பிள்ளைகளிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, முழுவதையும் கையாலேயே எழுதித் தம்பிக்குக் கொடுத்தார். படித்தவர் தம்பி, படிக்க வைத்ததில் அண்ணனுக்குப் பெரும் பங்கு.

திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தின் உதவித்தொகை கிடைத்தது. கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். பிறகு திருவிதாங்கூர் சர்வகலாசாலையில் பி.ஏ. ஆனர்சும் எம்.ஏ.யும் முடித்தார். அது 1943-ம் ஆண்டு. குமாஸ்தா வேலையை மறுத்தது அப்போதுதான்.

பத்திரிகைக்காரர்

ஊரில் இருந்து பயன் இல்லை என்று கிளம்பினார். 1944, 1945-ம் ஆண்டுகளில் பத்திரிகை நிருபராக வேலை பார்த்தார். தி ஹிந்து பத்திரிகையிலும் இருந்தார். டைம்ஸ் ஆஃப் இந்தியாவிலும் இருந்தார். 1945-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பம்பாயில் காந்தியடிகளைப் பேட்டி கண்டார். ஆசிரியர் வேலை மறுக்கப்பட்ட இளைஞருக்கு இது சாதாரண வளர்ச்சி அல்ல.

இதிலேயே நிலைத்திருக்கலாம். இல்லையேல், இலக்கியத்தில் மேலும் ஆராய்ச்சி செய்யலாம். இரண்டையும் விட்டுவிட்டு அரசியல் விஞ்ஞானம் படிக்க முடிவு செய்தார். காலத்தை நினைத்துப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். உலக யுத்தம் முடிந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்ற பேச்சு எங்கும் இருந்தது. சொந்த சர்க்கார் வந்தால் உலக நாடுகளோடு உறவாடத் தெரிந்தவர்கள் வேண்டும்.

எங்கே படிப்பது? லண்டனில், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில். 1895-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது. யாரிடம் படிப்பது? அங்கே ஹரால்டு லாஸ்கி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தொழிற்கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்திலேயே வாதாடியவர். வி.கே. கிருஷ்ண மேனனும் அவரிடம் படித்தவர்தான்.

பணத்துக்கு என்ன வழி? ஜே.ஆர்.டி. டாட்டா மூலம் உதவித்தொகை கிடைத்தது. அது இல்லாவிட்டால் லண்டன் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கனவே எம்.ஏ. படித்தவர், லண்டனில் வாங்கியது பி.எஸ்.ஸி. பட்டம்! பொருளாதாரப் பட்டம், அதில் அரசியல் விஞ்ஞானம் சிறப்புப் பாடம். எழுத்தைப் பார்த்தால் ஒரு படி கீழே இறங்கியது போலத் தோன்றும். நம் வீடுகளில் என்றால், எம்.ஏ. முடித்த பிள்ளை மறுபடி முதல் பட்டமா என்று திண்ணையில் கேலி பேசியிருப்பார்கள். தொழில் மாறுகிறவன் புதிய பாடத்தை அடியிலிருந்து படிப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ரொட்டிக்கும் ரேஷன்

லண்டன் அப்போது சீமைச் சொர்க்கமாக இல்லை. குண்டு விழுந்து இடிந்த கட்டிடங்கள். 1946-ம் ஆண்டு ரொட்டிக்கே ரேஷன் வந்தது. 1947-ம் ஆண்டு குளிர்காலம் கொடுமையானது. கரி கிடைக்காமல் வீடுகள் சில்லிட்டன. யுத்த காலத்தில் கேம்பிரிட்ஜுக்குக் குடிபோயிருந்த கல்லூரி, அப்போதுதான் லண்டனுக்குத் திரும்பி வந்திருந்தது.

ஆனால் வகுப்புகளுக்குக் குறைவில்லை. லாஸ்கி சோஷலிசம் பேசுவார். அதே கல்லூரியில் ஹேயக், அதற்கு நேர் எதிரான கொள்கையை எடுத்துச் சொல்வார். கார்ல் பாப்பர், லயனல் ராபின்ஸ் ஆகியோரின் சொற்பொழிவுகளுக்கும் நாராயணன் போனார். ஒரே குரலைக் கேட்காமல் எதிர்க் குரலையும் கேட்கக் கிடைத்தது. பின்னாளில் பல நாட்டாரோடு பேசப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

உடன் தங்கியிருந்தவர் கே.என். ராஜ். இந்தியாவின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதியவர்களில் ஒருவராகப் பின்னர் பேர் பெற்றார். லாஸ்கியிடம் படித்த கனடா நாட்டு இளைஞர் பியேர் ட்ரூடோ, பிறகு அந்நாட்டின் பிரதம மந்திரி ஆனார். மாலை நேரங்களில் கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீக் வேலை. நடுவில், ஒரு வாரப் பத்திரிகைக்கு லண்டன் நிருபராகவும் எழுதினார். பழைய தொழிலை முற்றிலும் கைவிடவில்லை!

கை தட்டிக் கூப்பிட்ட பிரதமர்

1948-ம் ஆண்டு படிப்பு முடிந்தது. லாஸ்கி தாமாகவே நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

டில்லிக்கு வந்த நாராயணன், பார்லிமெண்டு கட்டிடத்தில் நேருவைச் சந்தித்தார். லண்டனைப் பற்றிச் சில நிமிஷம் பேச்சு. நேரம் முடிந்தது என்பது தெரிந்தது. எழுந்து விடை பெற்றார். போகிற போக்கில்தான் கடிதத்தைக் கொடுத்தார். வெளியே வந்து வட்டமான தாழ்வாரத்தில் நடந்தார்.

பாதி தூரம் போயிருப்பார். பின்னால் யாரோ கை தட்டும் சத்தம்! திரும்பிப் பார்த்தார். நேருதான். கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இதை ஏன் முதலிலேயே தரவில்லை என்று கேட்டார். போகும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்ததாக நாராயணன் சொன்னார். இன்னும் சில கேள்விகள். மறுபடி வந்து பார்க்கச் சொன்னார் நேரு.

1949-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி நாராயணன் வெளிநாட்டு சர்வீசில் சேர்ந்தார். சிபாரிசுக் கடிதத்தை முதலில் நீட்டுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். இவரோ கடைசியில் நீட்டினார்.

முதலில் ரங்கூனில் உத்தியோகம். அங்கே மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண், இவர் லாஸ்கியின் மாணவர் என்று கேள்விப்பட்டார். தம் நண்பர்கள் மத்தியில் அரசியல் சுதந்திரம் பற்றிப் பேச வரும்படி அழைத்தார். பேசப் போனவர் மனதைக் கொடுத்துவிட்டு வந்தார்! வெளிநாட்டு சர்வீசில் இருப்பவர் வெளிநாட்டுப் பெண்ணை மணக்கத் தடை உண்டு. நேரு விசேஷ அனுமதி தந்தார். 1951-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி டில்லியில் கல்யாணம். மணப்பெண் உஷா ஆனார். பின்னாளில் மூத்த மகள் சித்ராவும் தகப்பனாரைப் போல வெளிநாட்டு சர்வீசில் சேர்ந்தார்.

தூதர் வேலையும் பனியனும்

தூதர் என்றால் விருந்தும் கைகுலுக்கலும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் அருள்புரம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஓவர்லாக் மெஷினில் தைத்த பனியன் கடல் கடந்து போகிறது. எந்த நாடு எவ்வளவு வரி போடும் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே ஷிப்டு ஓடும். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, திருப்பூர் வட்டாரமே கலங்கியது. இரு நாடுகளுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தை, தையல்காரர் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து சேருகிறது. அந்தப் பேச்சைப் பேசுவதுதான் வெளிநாட்டு சர்வீசின் வேலை.

நாராயணன் டோக்கியோ, லண்டன், கான்பெரா, ஹனாய் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். நடுவில் 1954, 1955-ம் ஆண்டுகளில் டில்லி பொருளாதாரப் பள்ளியில் பாடம் நடத்தினார். திருவனந்தபுரத்தில் கிடைக்காத ஆசிரியர் வேலை, டில்லியில் கிடைத்தது! தாய்லாந்துக்கும் துருக்கிக்கும் தூதர் ஆனார்.

பிறகு வந்தது கடினமான வேலை. 1962-ம் ஆண்டு சீனா நம் மீது படையெடுத்தது. அதற்கு முன்பே, 1961-ம் ஆண்டிலிருந்து பீக்கிங்கில் இந்தியத் தூதர் கிடையாது. பதினைந்து ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, 1976-ம் ஆண்டு, அந்த நாற்காலியில் உட்கார இந்திரா காந்தி அனுப்பியது நாராயணனைத்தான்.

1978-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். மறு ஆண்டு டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். சர்வதேச விவகாரங்களைப் பட்ட மேற்படிப்பாகச் சொல்லிக் கொடுக்கும் பெரிய கலாசாலை அங்கே இருக்கிறது. 1955-ம் ஆண்டு தனிப் பள்ளியாகத் தொடங்கி, 1970-ல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. நாராயணன் தம் இளமையில் சீமையில் தேடிய படிப்பு, இன்று ரயிலேறிப் போகும் தூரத்தில் கிடைக்கிறது. வெளிநாட்டு சர்வீசுக்கும் இப்போது கடிதம் வேண்டாம். சிவில் சர்வீஸ் பரீட்சைதான் வாசல். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். பகலில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதி, இரவில் தபால் வழியில் படித்துப் பட்டம் வாங்கியவருக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. வயது வரம்பை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

வரிசையில் நின்ற ஜனாதிபதி

1980 முதல் 1984 வரை அமெரிக்காவில் தூதர். திரும்பியதும் அரசியல். கோவையிலிருந்து பாலக்காட்டைத் தாண்டிப் போனால் வரும் ஒற்றப்பாலம் தொகுதியில் நின்று, 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தலிலும் ஜெயித்தார். ராஜீவ் காந்தி மந்திரிசபையில் ராஜாங்க மந்திரியாக இருந்தார். 1992-ல் துணை ஜனாதிபதி. 1997-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி ஜனாதிபதி. எதிர்த்து நின்றவர் டி.என். சேஷன். நாராயணனுக்குக் கிடைத்த ஓட்டு சுமார் 95 சதவீதம். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த முதல் ஜனாதிபதி அவர்.

அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சோதனை வந்தது. உத்தரப் பிரதேச மந்திரிசபையைக் கலைக்கும்படி மத்திய மந்திரிசபை சிபாரிசு செய்தது. ஜனாதிபதி என்றால் கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். நாராயணன் மறுபடி யோசிக்கும்படி அதைத் திருப்பி அனுப்பினார். மத்திய சர்க்கார் சிபாரிசைக் கைவிட்டது. லண்டனில் படித்த அரசியல் பாடம், ஐம்பது ஆண்டு கழித்து டில்லியில் பரீட்சைக்கு வந்தது போலத்தான்.

1998-ம் ஆண்டு பொதுத் தேர்தல். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஓட்டுப் போடுவது அதுவரை வழக்கம் இல்லை. நாராயணன், மாளிகை வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஓட்டுச்சாவடிக்குப் போனார். மற்றவர்களோடு வரிசையில் நின்றார். விரலில் மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

2002-ம் ஆண்டு ஜூலையில் பதவிக் காலம் முடிந்தது. 2005-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி டில்லியில் காலமானார். யமுனைக் கரையில் முழு ராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது. அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சாந்திவனம் இருக்கிறது. தாழ்வாரத்தில் கை தட்டிக் கூப்பிட்ட நேருவின் சமாதி அது.