நடிப்புக்கு ஓர் ஆசிரியை: ஸ்டெல்லா ஆட்லர்

ஆண்டு விழா நெருங்கும் நாட்களில் நம் பள்ளி மண்டபத்தில் நாடக ஒத்திகை நடப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். தாயை இழந்த மகளாக நடிக்க வேண்டிய மாணவிக்குக் கண்ணீர் வராது. அருகில் நிற்கும் தோழியர் உடனே ஒரு வழி சொல்வார்கள். உன் வீட்டில் நடந்த ஏதேனும் ஒரு துயரத்தை நினைத்துக்கொள், அழுகை தானாக வந்துவிடும் என்பார்கள். இந்த யோசனை சரிதானா? நடிப்பதற்காக நம் சொந்தப் புண்ணைக் கீறிக்கொள்ளத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியால் மனம் வருந்தி, கடல் கடந்த நாட்டில் அதற்கு விடை கண்டு, கண்ட விடையை அரை நூற்றாண்டுக் காலம் மாணவர்களுக்குக் கற்பித்த பெண்மணி ஒருவர் இருந்தார். அவர்தாம் அமெரிக்க நாடக மேடையின் நடிகையும் ஆசிரியையுமான ஸ்டெல்லா ஆட்லர் அம்மையார்.

நாடகக் குடும்பம்

ஸ்டெல்லா 1901ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஜேக்கப் ஆட்லர். தாயார் சாரா ஆட்லர். இருவரும் ருஷ்யப் பேரரசிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள்; இருவரும் நடிகர்கள். ஐரோப்பிய யூத மக்களின் வீட்டு மொழியான யித்திஷ் மொழியில் அவர்கள் நாடகங்கள் நடத்தினர். பிறந்த மண்ணை விட்டு வந்து, தையற்கூடங்களில் நாள் முழுதும் உழைத்த ஏழை எளிய மக்களுக்கு மாலை நேரத்து ஆறுதலாக விளங்கியவை அந்நாடகங்களே.

ஜேக்கப் ஆட்லர் பெரும் நடிகர். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையைத் தழுவி யூதக் குடும்பக் கதையாக எழுதப்பட்ட நாடகத்தில் 1892இல் நடித்துப் பெரும்புகழ் பெற்றார். 1903இல் ஆங்கில மேடையில் ஷைலக் வேடம் தாங்கியபோது, உடன் நடித்தவர் அனைவரும் ஆங்கிலத்தில் பேச, அவர் மட்டும் யித்திஷ் மொழியிலேயே பேசி நடித்தார் என்றால் அவரது ஆற்றலை என்னென்பது! அவருடைய மக்களில் பலரும் மேடையேறியவர்களே. ஸ்டெல்லாவின் தம்பி லூத்தர் ஆட்லரும் புகழ்பெற்ற நடிகரானார்.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த ஸ்டெல்லா நான்கு வயதிலேயே மேடை ஏறியதில் வியப்பில்லை. சிறுமி வேடம் மட்டுமன்றிச் சிறுவர் வேடங்களையும் அவர் தாங்கினார். மற்றப் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் வேளையில் அவருக்கு ஒத்திகை இருக்கும். ஆகவே பள்ளிப் படிப்பு விட்டு விட்டுத்தான் நடந்தது. பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களில் கற்பித்த அம்மையார், இளமையில் ஒழுங்காகப் பள்ளி செல்ல வாய்ப்பில்லாதவர் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். 1919இல், தம் 18ஆம் வயதில், தந்தையாரின் குழுவுடன் லண்டன் மாநகர் சென்று நடித்தார். 1922இல் நியூயார்க்கின் பிராட்வே ஆங்கில மேடையிலும் தோன்றினார்.

மேடையில் வளர்ந்தவர், மீண்டும் மாணவியானார்

1923இல் மாஸ்கோ கலை அரங்கத்தினர் நியூயார்க் வந்து நாடகங்கள் நடத்தினர். அவ்வரங்கை நடத்தியவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்னும் ருஷ்ய மேதை. நடிப்பு என்பது குரலை உயர்த்திக் கைகளை வீசுவது அன்று, மனிதன் மேடையிலும் உண்மையாக வாழ்வது என்று கருதி, அதற்கென ஒரு பயிற்சி முறையை வகுத்தவர் அவர். அக்குழுவைச் சேர்ந்த போலெஸ்லாவ்ஸ்கி, மரியா உஸ்பென்ஸ்காயா ஆகிய இருவர் நியூயார்க்கில் ஒரு நடிப்புப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினர். 1925இல் ஸ்டெல்லா அங்கே மாணவியாகச் சேர்ந்தார். இருபது ஆண்டுகள் மேடை அனுபவம் உள்ள ஒருவர், எனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணாமல், புதியவர்களோடு புதியவராக அமர்ந்து அரிச்சுவடியிலிருந்து கற்றார்.

1931இல் ஹெரால்ட் கிளர்மன், லீ ஸ்ட்ராஸ்பெர்க், செரில் கிராஃபோர்ட் என்னும் மூவர் குரூப் தியேட்டர் என்ற குழுவைத் தொடங்கினர். அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து வாடிய பொருளாதார நெருக்கடிக் காலம் அது. மக்களின் வாழ்வையே நாடகமாக்குவது குழுவின் நோக்கம். பெரிய நட்சத்திரம், சிறிய நடிகர் என்ற வேற்றுமை அங்கே கிடையாது. ஸ்டெல்லா அதில் சேர்ந்து முதன்மை வேடங்களில் நடித்தார்.

ஆனால் அவர் உள்ளத்தில் நிறைவு இல்லை. அக்குழுவில் பயிற்சி அளித்தவர் ஸ்ட்ராஸ்பெர்க். அவரும் 1901இல் பிறந்தவரே. நடிகன் தன் சொந்த வாழ்வில் பட்ட துன்பத்தை நினைவில் மீண்டும் எழுப்பி, அந்த உணர்ச்சியை வேடத்திற்குத் தரவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய பயிற்சி. ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் முறை அதுவே என்றும் அவர் நம்பினார். ஸ்டெல்லாவுக்கு அப்பயிற்சி வேதனையாகவே இருந்தது. நாள்தோறும் பழைய துயரங்களைக் கிளறிக் கிளறி, நடிப்பின் மகிழ்ச்சியே தம்மை விட்டுப் போய்விட்டதாக உணர்ந்தார். சிறு வயது முதல் உயிராய் நேசித்த கலை பாரமாகிவிட்டால் அந்த வேதனையை என்னவென்று சொல்வது!

பாரிஸில் ஐந்து வாரங்கள்

1934இல் ஸ்டெல்லா ஐரோப்பா சென்றார். அப்போது ஸ்தானிஸ்லாவ்ஸ்கி உடல்நலம் குன்றிப் பாரிஸ் நகரில் ஓய்வில் இருந்தார். வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஸ்டெல்லா அவரைச் சந்தித்து, அவருடைய முறையால் தாம் பட்ட துன்பத்தை மறைக்காமல் எடுத்துரைத்தார். முதியவர் கோபப்படவில்லை. தம் முறையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று கண்டு, தாமே கற்றுத்தர முன்வந்தார். ஏறக்குறைய ஐந்து வாரங்கள் அம்மையார் அவரிடம் நேரில் பாடம் கேட்டார்.

அங்கே அவர் அறிந்தது இதுதான். உணர்ச்சியை வலிந்து பிழிய வேண்டியதில்லை. நாடகத்தில் வரும் மாந்தர் யார், எந்த ஊர், எந்தக் காலம், என்ன தொழில், இப்போது அவருக்கு என்ன வேண்டும், அதற்காக அவர் என்ன செய்கிறார் என்பவற்றை ஆராய்ந்து, கற்பனையால் அந்தச் சூழ்நிலைக்குள் புகுந்துவிட வேண்டும். செய்யும் செயல் உண்மையாக இருந்தால் உணர்ச்சி தானே பின்தொடரும். சொந்த நினைவைக் கிளறும் பயிற்சியை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதற்குள் பெரிதும் பின்னுக்குத் தள்ளியிருந்தார்.

அந்தக் கோடையிலேயே நாடு திரும்பிய ஸ்டெல்லா, குழுவினர் அனைவர் முன்னிலையிலும் தாம் கற்றதை விளக்கினார். இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். தமக்குப் பயிற்சி அளிப்பவரின் வழி தவறு என்று அவருடைய குழுவிலேயே எடுத்துச் சொல்வது எளிதன்று. நடிகர்களில் பலர் ஸ்டெல்லாவின் பக்கம் சாய்ந்தனர். ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. இருவருக்கும் இடையே எழுந்த அந்தக் கருத்து வேறுபாடு வாழ்நாள் முழுதும் தீரவில்லை. நியாயமாகச் சொல்வதானால், ஸ்ட்ராஸ்பெர்க்கின் மாணவர்களிலும் சிறந்த நடிகர்கள் பலர் தோன்றினார்கள். ஆனால் ஸ்டெல்லா தம் அனுபவத்தில் கண்டதை மறைக்க மறுத்தார்.

1935இல் கிளிஃபோர்ட் ஓடெட்ஸ் எழுதிய நாடகமொன்றில், வறுமையோடு போராடும் ஒரு குடும்பத்தின் தாயாக அவர் நடித்தார். அப்போது அவருக்கு வயது 34 தான். வளர்ந்த பிள்ளைகளின் தாய் வேடம் ஏற்பதை எந்த இளம் நடிகை விரும்புவார்? எனினும் அதுவே அவர் நடித்தவற்றுள் மிகச் சிறந்த வேடங்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. பின்பு ஹாலிவுட் சென்றவர் மூன்று திரைப்படங்களில் மட்டுமே நடித்தார். திரையுலகம் அவரைப் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

வகுப்பறையே மேடை

1940இல் ஜெர்மன் இயக்குநர் பிஸ்காட்டர், நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்னும் உயர்கல்வி நிலையத்தில் நாடகப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஸ்டெல்லா அங்கே ஆசிரியையானார். 1943இல் அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் 19 வயது இளைஞர். படித்த பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவர்தாம் மார்லன் பிராண்டோ.

அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுவதுண்டு. நீங்கள் எல்லோரும் கோழிகள், உங்கள் மேல் அணுகுண்டு விழப்போகிறது, நடியுங்கள் என்று அம்மையார் ஒருநாள் வகுப்பில் கூறினாராம். மாணவர்கள் அனைவரும் கூச்சலிட்டு இங்குமங்கும் ஓடினர். பிராண்டோ மட்டும் ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோது, கோழிக்கு அணுகுண்டைப் பற்றி என்ன தெரியும் என்றாராம். சூழ்நிலையை உணர்ந்து நடிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

1954இல் வெளிவந்த ஆங்கிலப் படமொன்றில் துறைமுகத் தொழிலாளியாக நடித்து பிராண்டோ ஆஸ்கார் பரிசு பெற்றார். தொழிலாளரின் நீதிக்காகக் குரல் கொடுக்கும் கத்தோலிக்கக் குரு ஒருவரும் அக்கதையில் வருகிறார். உலகப்புகழ் அடைந்த பின்னும் பிராண்டோ தம் ஆசிரியையை மறக்கவில்லை. 1988இல் அம்மையார் நடிப்புக் கலையைப் பற்றி எழுதிய நூலுக்கு அவரே முன்னுரை எழுதினார்.

1946இல் பிராட்வேயில் ஒரு நாடகத்திலும், 1961இல் லண்டனில் ஒரு நாடகத்திலும் நடித்ததோடு ஸ்டெல்லாவின் மேடை வாழ்வு முடிந்தது. 1949இல் நியூயார்க்கில் தமக்கெனத் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே அவருடைய மேடையாயிற்று. ராபர்ட் டி நீரோ போன்ற பெரும் நடிகர்கள் அவரிடம் பயின்றவர்கள். 1966இல் புகழ்மிக்க யேல் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் நடிப்புப் பேராசிரியையாகப் பணியேற்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்களின் நாடகத் துறைக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார்.

அவருடைய வகுப்பு எளிதானதன்று. அரைகுறையாகச் செய்தால் மேடையிலிருந்தே இறக்கிவிடுவார். கண் கலங்கி வெளியேறிய மாணவர்கள் உண்டு. ஆனால் அவர் தந்த பயிற்சிகள் இனிமையானவை. ஒரு பொருளை உற்றுப் பார்க்கச் சொல்வார். சிவப்பு என்று சொல்லிவிட்டால் போதாது. எத்தனை வகைச் சிவப்பு, ஒவ்வொன்றும் எதை நினைவூட்டுகிறது என்று கூறவேண்டும். இப்சன், ஸ்டிரிண்ட்பெர்க், செகாவ் ஆகியோரின் நாடகங்களை வரிவரியாக விளக்குவார். அக்காலத்து வீடு எப்படி இருந்தது, உடை எப்படி, மக்கள் எதற்கு அஞ்சினர், எதை மதித்தனர் என்பதெல்லாம் தெரியாமல் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவர் கட்டளை. நடிகன் தன்னை மட்டுமே அறிந்தவனாக இருந்தால் அவன் நடிக்கும் மாந்தரெல்லாம் அவன் அளவுக்குச் சிறுத்துப்போவார்கள்; படித்து, பார்த்து, வளர்ந்தால்தான் பெரிய மாந்தர்களை அவனால் தாங்க முடியும் என்பது அவர் கொள்கை.

1992ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள், தம் 91ஆம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அம்மையார் காலமானார். அவர் நிறுவிய பள்ளி அவர் பெயரால் தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

நமக்கு ஒரு பாடம்

ஸ்டெல்லா ஆட்லர் நடிகையாக அடைந்திருக்க வேண்டிய புகழை முழுதும் அடையவில்லை என்று வருந்துவோர் உண்டு. மேடையில் அவர் நடித்ததைப் பார்த்தவர்கள் மறைந்துவிட்டனர். அந்த நடிப்பு அவர்களோடு போயிற்று. அது இழப்புத்தான். ஆனால் அவர் கற்பித்தது போகவில்லை. அது மாணவரிடமிருந்து மாணவருக்குச் சென்றுகொண்டே இருக்கிறது. ஆசிரியப் பணியின் சிறப்பு அதுவன்றோ!

தோழியரே, தவக்காலத்தில் நாம் சிலுவைப்பாதை செய்யும்போது என்ன செய்கிறோம்? ஒவ்வொரு நிலையிலும் நின்று, அந்தத் தெருவையும் கூட்டத்தையும் பாரச் சிலுவையையும் மனக்கண்ணால் காண்கிறோம். தம் திருமகனைச் சந்திக்கும் தேவ அன்னையின் அருகில் நிற்பதாக எண்ணுகிறோம். நம் வீட்டுத் துயரம் எதையும் நினைக்காமலேயே நம் கண்கள் கலங்குவதில்லையா? பிறர் துயரை நம் துயராக உணரும் அந்த ஆற்றலை இறைவன் எல்லோருக்கும் அளித்திருக்கிறார். யூதக் குடும்பத்தில் பிறந்த அந்த ஆசிரியை தம் மாணவர்களிடம் வளர்க்க விரும்பியதும் அதே ஆற்றலைத்தான்.

எனவே அடுத்த ஒத்திகையில் ஒரு தோழிக்கு அழுகை வரவில்லை என்றால், அவளுடைய சொந்தத் துயரத்தைக் கிளறிவிடாதீர்கள். அந்த மகள் யார், அவள் தாய் அவளுக்கு என்ன செய்தாள், இனி மாலையில் வீடு திரும்பினால் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். விடை தேடட்டும். கண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், பார்க்கிறவர்கள் நம்புவார்கள்.