இப்னு பதூதாவும் ஆரியச்சக்கரவர்த்தியின் பல்லக்கும்

டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் வெசாக் வரை, பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து சிவனொளிபாதமலைக்கு மக்கள் யாத்திரை போவது தலைமுறை வழக்கமாகும். முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. பௌத்தர்களுக்கு ஸ்ரீபாதம். ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் அம்மலையேறி, அவ்வனுபவத்தை உலகறியச் செய்தவர் இப்னு பதூதா.

1304ஆம் ஆண்டு மொரோக்கோவின் தன்ஜா நகரில் பிறந்த அவர், 1325இல் ஹஜ் கடமைக்காகத் தனியே புறப்பட்டார். மக்காவோடு பயணம் நிற்கவில்லை. கிழக்கு ஆபிரிக்கா, மத்திய ஆசியா எனச் சுற்றி, டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் அரசில் காழியாகவும், பின்னர் மாலைதீவிலும் அதே பதவியில் அமர்ந்தார். 1344இல் அங்கிருந்து தமிழகக் கரைக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளியது.

கரையை அணுக மாலுமி அஞ்சினான். அது ஆரியச்சக்கரவர்த்தியின் நாடு. அவன் கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல்களை வைத்திருப்பவன் என்பது கடலோடிகளிடையே பரவியிருந்த பேச்சு. எனினும் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி மன்னனைக் கண்டார். பாரசீக மொழி அறிந்த அந்தச் சைவத் தமிழ் மன்னன் அவரை உபசரித்து, முத்துகளை அளித்து, வேண்டுவது யாதென வினவினான். பாதமலையைத் தரிசிப்பதே தம் விருப்பம் என்றார் விருந்தினர். பல்லக்கொன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், மன்னனின் தோழர் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் அவருடன் அனுப்பப்பட்டனர். ஒரு காழியார் யோகிகள் வழிகாட்ட மலையேறினார் என்பதை இன்று நாம் சற்று நிதானித்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

வழியில் கண்டவையெல்லாம் இனிமையானவையல்ல. பசுவை அறுத்ததற்காகக் கையும் காலும் வெட்டப்பட்ட ஷெய்கு ஒருவரைப் பற்றியும் அவர் சொல்லத் தவறவில்லை. அட்டைகளைப் பற்றியும் விரிவாகக் கூறுகிறார். அட்டை பற்றினால் எலுமிச்சம்பழச்சாற்றைப் பிழிந்துவிடுவார்களாம். மலைநாட்டில் கொழுந்து பறிப்போருக்கு அட்டைக்கடி புதிதன்று. கடினமான 'பாபா' வழியாக ஏறி, இலகுவான 'மாமா' வழியாக இறங்கினார். பிடித்து ஏறுவதற்குப் பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவராம்!

திரும்பியபோதும் அவர் வந்த கப்பல் அவருக்காகக் காத்திருந்தது. அது தமிழகக் கரையருகே உடைந்தது. உயிர் தப்பியவர் மதுரை சுல்தானின் அரசை அடைந்தார். அச்சுல்தான் இப்னு பதூதாவின் மனைவியின் சகோதரியை மணந்த உறவினரும் ஆவார். ஆயினும் அவர் கைதிகளை வதைத்த கொடுமையை இப்னு பதூதா மறைக்காமல் கண்டித்துள்ளார்.

பின்னர் மலபார்க் கடலில் கொள்ளையர் அவரது உடைமைகளைப் பறித்தனர். ஆரியச்சக்கரவர்த்தி அளித்த மணிகளும் அவற்றோடு போயின. 1349இல் தாயகம் திரும்பியவர், ஸ்பெயினுக்கும் சஹாராவுக்கு அப்பாலும் சென்றுவந்து, இப்னு ஜுஸை என்ற எழுத்தாளரிடம் தம் பயணங்களைச் சொல்ல, 1355இல் 'ரிஹ்லா' நிறைவுற்றது. பத்தாண்டுகள் கடந்த பின்னும் பல்லக்குடன் வந்தோரின் எண்ணிக்கை அவருக்கு நினைவிருந்தது. 1368 அல்லது 1369இல் அவர் மொரோக்கோவில் காலமானார்.