அறிஞர் அஸீஸ் காட்டிய கல்விப் பாதை

புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணல் பல தசாப்தங்களாகக் கப்பலேறி வெளிநாடுகளுக்குச் சென்று வருகின்றது. இல்மனைற் முதலான கனியங்கள் அடங்கிய அம்மணலை உலகச் சந்தை நன்கறியும். ஆனால், திருகோணமலை நகரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால், மாவட்டத்தின் வட எல்லையில் அமைந்த அவ்வூரிலே உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திய ஒரு மாணவனோ மாணவியோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கற்பதற்கு வழி யாது என்று வினவினால், தக்க விடை கூற வல்லோர் அருகில் இருப்பது அரிது. தரகர்களின் விளம்பரங்களே அவர்களின் கைக்கு முதலில் எட்டுகின்றன.

இந்நிலையை எண்ணும்போது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் கேம்பிரிட்ஜ் சென்று திரும்பிய ஒரு பெருமகனின் வாழ்வு எமது நினைவுக்கு வருகின்றது. அவரே அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் ஆவார்.

1911 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அஸீஸ், குர்ஆன் பள்ளியில் ஓதிய பின்னர், இராமகிருஷ்ண சங்கத்தின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். இஸ்லாமியப் பற்றும் தமிழ்ப் புலமையும் அவரிடத்தில் முரண்படாது வளர்ந்தமைக்கு இவ்விளமைக் கல்வியே அடித்தளம் எனலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற அவர், அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று 1934 இல் கேம்பிரிட்ஜின் சென் கதரின்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். எனினும், இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவு செய்யப்பட்டமையால் அங்கு நெடுங்காலம் தங்காது தாயகம் திரும்பினார். 1935 இல் அச்சேவையிற் சேர்ந்த அவரே அதில் இடம்பெற்ற முதலாவது இலங்கை முஸ்லிம் ஆவார்.

அக்காலத்தில் சிவில் சேவை என்பது நாட்டின் அதிகார பீடம். அதில் அமர்ந்தவர் தம் வாழ்வை வசதியாக நடத்தி ஓய்வு பெற்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால், 1942 இல் போர்க்கால நெருக்கடி அவரைக் கல்முனைக்கு இட்டுச் சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா வீழ்ந்தமையால் அரிசி இறக்குமதி தடைப்பட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்போடு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனை சென்ற அஸீஸ், அங்கு நெல்லின் பற்றாக்குறையை மட்டும் காணவில்லை. கல்வியின் வறுமையையும் கண்டார். அறிவுக் கூர்மையுள்ள பிள்ளைகள் பணமின்மையால் படிப்பை நிறுத்திக்கொள்வதைக் கண்டு அவர் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. கிழக்கிலே பணியாற்றிய அக்காலத்தில் சுவாமி விபுலாநந்தரோடு கொண்ட நட்பும் அவரது சிந்தனைக்கு உரமூட்டியது.

அங்கு பெற்ற அனுபவமே 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. திறமையுள்ள எந்த முஸ்லிம் மாணவரும் வறுமை என்ற ஒரே காரணத்தினால் உயர்கல்வியை இழந்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம். இலவசக் கல்வி அவ்வாண்டில்தான் நாட்டிற் காலூன்றியது. எனினும், கட்டணமில்லா வகுப்பறைக்கும் ஏழை மாணவனின் வீட்டுக்கும் இடையே உணவு, உடை, நூல், விடுதிச் செலவு எனப் பல தடைகள் இருந்தன. அவற்றை உணர்ந்து நிதி திரட்டியமையே அஸீஸின் தூரநோக்கு.

1948 இல் சிவில் சேவையைத் துறந்து, டி.பி. ஜாயாவை அடுத்துக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். உயர் பதவியை விட்டு ஒரு பாடசாலையின் பொறுப்பை ஏற்றது அந்நாளில் பலரை வியப்பில் ஆழ்த்தியது. 1892 இல் தோன்றிய அக்கல்லூரியின் பிறப்பிலேயே வெளியுலகின் தொடர்பு உண்டு. சித்திலெவ்வை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரோடு, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவும் அதன் தோற்றத்துக்குத் துணை நின்றார். 1961 வரை அதிபராயிருந்த அஸீஸ், பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் முன்னணிக் கல்விக்கூடமாக அதனை உயர்த்தினார்.

செனட் சபையிலும் பணியாற்றிய அவர், 1956 இல் தனிச் சிங்களக் கொள்கையை ஏற்க இயலாது தாம் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து விலகினார். தமிழைத் தாய்மொழியாகப் போற்றிய ஒரு முஸ்லிம் தலைவரின் அம்முடிவை இரு சமூகத்தாரும் மறத்தலாகாது. வெளிநாடுகளில் தாம் கண்டவற்றை மிஸ்ரின் வசியம், கிழக்காபிரிக்கக் காட்சிகள் ஆகிய பயண நூல்களாகத் தமிழிலேயே தந்தார். உலகைக் கண்டவர் அதனைத் தம் மக்களுக்குத் தம் மொழியில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என்பதை அவர் இவ்வாறு செயலிற் காட்டினார்.

1973 நவம்பர் 24 ஆம் திகதி அவர் இறையடி சேர்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980 இல் மறைவுக்குப் பின்னரான கலாநிதிப் பட்டம் வழங்கி அவரைக் கௌரவித்தது. அதன்பின் பத்து ஆண்டுகளில், 1990 ஒக்டோபரில், அவர் பிறந்த மண்ணிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமை எமது வரலாற்றின் ஆறாத வடு. இந்துக் கல்லூரியில் ஓர் அஸீஸை உருவாக்கிய சூழலை நாம் எவ்வளவு எளிதில் இழந்தோம் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது.

அவரது வாழ்வு எமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. வெளிநாட்டுக் கல்வி என்பது விமானச் சீட்டில் தொடங்குவதன்று. ஊர்ப் பாடசாலையில் தொடங்குவது. புலமைப்பரிசில் இருக்கின்றது என்பதை அறிவித்தல், விண்ணப்பிக்க வழிகாட்டல், மொழித் தேர்ச்சிக்குப் பயிற்றுவித்தல், முதற் செலவுக்குக் கைகொடுத்தல், கற்றவர் திரும்பி வந்து பணியாற்ற இடமளித்தல் ஆகியன எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் பயன் கிட்டாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியிலே, நிலாவெளி கோணேசபுரியில் அமைந்துள்ளது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு உடன்படிக்கை செய்து கொள்வதோடு இவற்றின் பணி முடிந்துவிடலாகாது. ஆண்டில் ஒரு முறையேனும் புல்மோட்டை, குச்சவெளி போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்கு விரிவுரையாளர்கள் சென்று தமிழ், முஸ்லிம் மாணவரை ஒருங்கே அமர்த்தி வழிகாட்டுதல் வேண்டும். பெண் பிள்ளைகளின் பெற்றோரிடமும் அவர்கள் பேச வேண்டும். பள்ளிவாசல்களும் ஆலய பரிபாலன சபைகளும் புலம்பெயர்ந்தோர் அமைப்புகளும் இத்தகைய மாணவர்க்கென நிதியங்களை உருவாக்கலாம். உதவி பெற்று உயர்ந்தவர்கள், தாம் பெற்றதை அடுத்த மாணவனுக்கு மீள அளிக்கும் மரபும் வளர வேண்டும்.

எமது கரையின் மணலுக்கு வெளிநாடு செல்லும் வழியை அமைத்துக் கொடுத்த நாம், எமது பிள்ளைகளுக்குச் சென்று கற்றுத் திரும்பும் வழியை இன்னும் செம்மையாக அமைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கண்ட அஸீஸ் கல்முனையில் தொடங்கிய பணி அதுவே. அதனைப் புல்மோட்டை வரை கொண்டு செல்வது எமது பொறுப்பாகும்.