கால்பந்து குரு ரஹீம் சாஹிப்

நம்மில் பலருக்கு விளையாட்டு என்றாலே கிரிக்கெட்தான். ஆனால் கால்பந்தில் நம் பாரதம் ஆசியாவிலேயே தலைசிறந்து விளங்கிய காலம் ஒன்று உண்டு. அதற்கு முக்கிய காரணம் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம்.

1909-ல் பிறந்த ரஹீம் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பயிற்சி அளித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951-ல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றோம்.

மறு வருடமே பலத்த அடி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். நமது ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான அகமது கான். ரஹீம் மனம் தளரவில்லை. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல், உடனே அடுத்தவருக்குக் கொடுத்து ஆடப் பழக்கினார். பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்ற போட்டிகளைக்கூட நடத்தினார். பலன், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

சிஷ்யர்களிடம் அவருக்கு இருந்த அக்கறையும் பெரிது. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமுக்கு, பயிற்சிக்கு வந்துபோக சைக்கிள் வாடகையைத் தாமே கொடுத்து ஆதரித்தார். அந்தப் பையன் பின்னாளில் நாட்டின் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவரானார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது ரஹீமைப் புற்றுநோய் பீடித்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. இறுதிப் போட்டியிலும் அதே தென் கொரியா. அரங்கில் திரண்டிருந்த கூட்டமோ நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்டது. ரஹீம் துணிந்து சில முடிவுகள் எடுத்தார். காய்ச்சலில் இருந்து எழுந்த பீட்டர் தங்கராஜைக் கோல் கீப்பராக நிறுத்தினார். தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவிட்டார். பி.கே.பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று தங்கம் நமதானது.

அடுத்த வருடம், 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப்பின் இன்றுவரை நமக்குத் தங்கம் கிட்டவில்லை. 2024-ல் அவரது வாழ்க்கை 'மைதான்' என்ற ஹிந்திப் படமாக வந்தபோதுதான், இளைய தலைமுறையில் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். வெற்றி பெற்றவர்களைக் கொண்டாடும்போது, அவர்களை உருவாக்கிய குருவையும் நாம் நினைவில் கொள்வோம்.