நச்சைத் தேடிய இளைஞர், நச்சுமுறியைக் கண்ட பேராசிரியர்

மனிதனின் ஆறாவது குரோமோசோமில் ஜிசிஎல்சி என்ற மரபணு அமைந்துள்ளது. குளூட்டாதையோன் எனும் சிறு மூலக்கூறை உயிரணுக்கள் தயாரிக்க உதவும் நொதியின் முக்கியப் பகுதியை உருவாக்குவது இதுவே. உயிரணுக்களை ஆக்ஸிஜனேற்றச் சிதைவிலிருந்து காப்பதிலும், நச்சுப்பொருட்களை முறிப்பதிலும் குளூட்டாதையோனுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு அப்பெயரைச் சூட்டியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரெடெரிக் கோலண்ட் ஹாப்கின்ஸ்.

1861-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஈஸ்ட்பர்ன் நகரில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். 17 வயதில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பணியில் சேர்க்கப்பட்டார். பின்னர் வேதியியல் கற்று, லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் நச்சியல் நிபுணர் தாமஸ் ஸ்டீவன்சனின் உதவியாளரானார். குற்ற வழக்குகளில் நச்சைக் கண்டறிவது ஸ்டீவன்சனின் பணிகளில் ஒன்றாகும்.

1894-இல், 33 வயதில்தான் ஹாப்கின்ஸ் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1914-இல் அங்கு உயிர்வேதியியலின் முதல் பேராசிரியரானார். தூய்மைப்படுத்திய உணவை மட்டுமே உண்ட எலிக்குட்டிகளின் வளர்ச்சி நின்றுபோவதையும், சிறிதளவு பால் சேர்த்தால் அவை மீண்டும் வளர்வதையும் 1912-இல் அவர் வெளியிட்டார். வைட்டமின்கள் பற்றிய அறிவுக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

1921-இல் ஈஸ்ட், தசை, கல்லீரல் ஆகியவற்றிலிருந்து குளூட்டாதையோனை அவர் பிரித்தெடுத்தார். அது இரண்டு அமினோ அமிலங்களால் ஆனது என்று அறிவித்தார். ஆனால் அந்தக் கணிப்பு தவறானது. 1927-இல் கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைக் கேள்விக்குள்ளாக்கினர். ஹாப்கின்ஸ் மீண்டும் சோதனைச்சாலைக்குத் திரும்பினார். குளூட்டாதையோனைப் படிகமாக்கி ஆராய்ந்து, அதில் கிளைசின் என்ற மூன்றாவது அமினோ அமிலமும் இருப்பதை 1929-இல் தாமே வெளியிட்டார். தமது முந்தைய முடிவைத் திருத்திய அதே ஆண்டில், வைட்டமின் ஆய்வுக்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அவரது தவறிலும் ஓர் உண்மை மறைந்திருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. உயிரணு முதலில் இரண்டு அமினோ அமிலங்களையே இணைக்கிறது. ஜிசிஎல்சி மரபணுவின் பணி இந்தக் கட்டத்திலேயே அமைகிறது. கிளைசின் அதற்குப் பின்னரே, வேறொரு நொதியால் சேர்க்கப்படுகிறது.

இன்று, பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களுக்கு அசிட்டைல்சிஸ்டீன் மருந்து தரப்படுகிறது. தீர்ந்துபோகும் குளூட்டாதையோனைக் கல்லீரல் மீண்டும் தயாரிக்க அது உதவுகிறது. உரிய நேரத்தில் அளிக்கப்படும்போது அது உயிரைக் காக்கிறது.

ஹாப்கின்ஸ் 1947-இல், தமது 85-ஆவது வயதில் கேம்பிரிட்ஜில் காலமானார். மரபணுக்களைத் தாங்கும் டிஎன்ஏவின் அமைப்பு அதே நகரில் கண்டறியப்பட்டது, அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் என்பது குறிப்பிடத்தக்கது.