தேயிலை மலையில் துணிக்கை தேடியவர்

மண்ணைக் கூடை கூடையாக அலசி மாணிக்கம் தேடுவோரை நிவித்திகலயில் நாம் அறிவோம். பல நாள் ஒன்றும் அகப்படாது. ஆனாலும் அலசுவதை விடமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளைத் தேடும் விஞ்ஞானிகளின் வாழ்வும் அத்தகையதே. அவர்களுள் ஒருவர் பிபா சௌதுரி.

1913ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த பிபா, 1936இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். ஆய்வில் சேர விரும்பியபோது, பெண்ணுக்கு ஏற்ற ஆய்வு தம்மிடம் இல்லையெனப் பேராசிரியர் டி. எம். போஸ் தயங்கினார். பிபா பின்வாங்கவில்லை. இறுதியில் போஸ் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

வானிலிருந்து இடையறாது பொழியும் அண்டக்கதிர்கள், புகைப்படத் தட்டில் மெல்லிய தடம் விட்டுச் செல்லும். உயரமான இடங்களில் அவை அதிகம். ஆகவே, நம் மலைகளைப் போலத் தேயிலை விளையும் டார்ஜிலிங்கிலும், சுமார் 3,600 மீற்றர் உயரத்திலுள்ள சந்தக்புவிலும் தட்டுகளை மாதக்கணக்கில் வைத்தார்கள். பின்னர் நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு தடமாக அளந்தார்கள். இலத்திரனைவிட ஏறத்தாழ 200 மடங்கு திணிவுள்ள துணிக்கைகளின் தடயம் தெரிந்தது. முடிவுகள் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தன.

அது உலகப்போர்க் காலம். மேலும் துல்லியமாக அளக்கத் தேவையான நல்ல தட்டுகள் கிடைக்கவில்லை. ஆய்வு நின்றது. அதே வழியில், மேம்பட்ட தட்டுகளுடன் ஆராய்ந்த பிரித்தானியரான செசில் பவல் குழுவினர் 1947இல் பையோன் துணிக்கையைக் கண்டுபிடித்தனர். 1950இல் நோபல் பரிசு பவலுக்குக் கிடைத்தது.

பிபா சோர்ந்துவிடவில்லை. மன்செஸ்டரில் பிளாக்கெற் என்னும் அறிஞரிடம் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1949இல் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளரானார். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த ஆய்விலும் பங்கெடுத்தார். பெரிய விருது எதுவுமின்றி 1991இல் காலமானார். 2019இல் தொலைதூர விண்மீன் ஒன்றுக்கு 'பிபா' எனப் பெயரிடப்பட்டது.

அவர் ஈடுபட்ட தேடல் இன்று வேறோர் இடத்திற்கு வந்திருக்கிறது. பிரபஞ்சம் மேன்மேலும் வேகமாக விரிகிறது என்பது 1998இல் தெரியவந்தது. அதற்குக் காரணமாகக் கருதப்படுவதே கருஞ்சக்தி. அதனோடு தொடர்புடையதாக ஒரு 'பச்சோந்தி'த் துணிக்கை இருக்கலாம் என்று 2004இல் எழுதிய இருவரில் ஒருவர் அமாண்டா வெல்ட்மன் என்னும் தென்னாபிரிக்கப் பெண்மணி. அடர்த்தியான இடத்தில் அத்துணிக்கையின் விசை ஒளிந்துகொள்ளும், வெற்றிடத்தில் வெளிப்படும். எனவே 2015இல் கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில், வெற்றிடக் கலத்தினுள் விழும் சீசியம் அணுக்களை அருகிலுள்ள சிறு கோளம் ஈர்ப்பு விசைக்கும் மேலாக இழுக்கிறதா என்று அளந்தார்கள். அப்படி எதுவும் தென்படவில்லை. ஆனால், இனி எங்கே தேட வேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. அதுவும் ஒரு பேறே.

மாணவியரே, பரிசு வராத உழைப்பு வீணானதன்று. பெற்றோரே, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவை நாடும் மகளிடம், அது பெண்ணுக்கு ஏற்றதா என்று கேட்குமுன் பிபாவைச் சற்று நினையுங்கள்.